உட்கார வராதவள்

இது நடந்ததுதான். பிற்பாடு கேட்டவர்கள் ஆளுக்கொரு கையும் காலும் வைத்து இதை வளர்த்துவிட்டார்கள். அந்தச் சேர்மானங்களைத் தள்ளிவிட்டு, நடந்ததை மட்டும் இங்கே சொல்லியிருக்கிறது. அதனால் இதில் நரி ஊளை கிடையாது. சுடுகாடு கிடையாது. நடுச்சாமமும் கிடையாது. எல்லாம் உச்சி வெயிலில் நடந்தது. ஒரு டாக்டரின் மேஜைக்கு முன்னால், புத்தகம் திறந்து கிடக்கும்போது.

வெளிச்சத்தில் வந்ததை எங்கே போய் மறப்பது?

1943-ஆம் வருஷம். மொரப்பூர் ரயிலடியில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தால் அரைப் பகல் தொலைவில் ஈச்சம்பள்ளம். ஊர்க் கோடியில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன மருந்தகம். அதற்கு டாக்டர், ரோசம்மாள். எல்.எம்.பி. படித்தவள், முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். வாயைத் திறந்தாலே அதிசயம். அவளோடு வேலை பார்த்த கம்பவுண்டர் கருப்பண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்: “எங்கம்மா ஒரு வார்த்தை பேசி அடுத்த வார்த்தைக்கு வர்றதுக்குள்ள, ஜோலார்ப்பேட்ட வண்டி மொரப்பூர்ல நின்னு தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிப் போயிருமுங்க.”

அது அவள் காதிலும் விழும். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மனிதர்கள் பேசி முடித்த பிறகு ஓர் அறையில் மிஞ்சுகிற அமைதி அவளுக்குப் பிடிக்கும். அந்த அமைதியில் புத்தகம் படிப்பது அதைவிடப் பிடிக்கும்.

யுத்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. விளக்கேற்றிப் படிக்கிற வழக்கம் நின்றுபோனது. காலையில் வந்த நோயாளிகள் கலைந்து, கருப்பண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனதும், மத்தியானத்தில்தான் படிப்பு.

அந்த வருஷம் அவள் படித்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காக.

ஊரில் இரண்டு தண்ணீர் இருந்தது. கீழத்தெருக்காரர்களுக்குக் குளம். மழைத்தண்ணீர், படி இறங்கி மொள்ள வேண்டும். மேலத்தெருக்காரர்களுக்குக் கிணறு. பாறையை வெடிவைத்துப் பிளந்து தோண்டியது. தோண்டி இருபது வருஷம் ஆயிற்று, ஒரு கோடையிலும் வற்றியதில்லை. அந்த மேலத்தெருவில்தான் முதுகுகள் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தன. நாற்பது வயது ஆள் குனிய முடியாமல் நிற்பான். திரும்பிப் பார் என்றால் கழுத்து திரும்பாது, ஆள் முழுசாகத் திரும்புவான். கட்டை மாதிரி. கீழத்தெருவில் அப்படி ஒருவர்கூட இல்லை.

கிணற்றுத் தண்ணீர்தான் என்று ரோசம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் மேலிடத்து உத்தரவு நேர் எதிராக வந்தது. குளத்தைத் தூர்த்துவிட்டு ஊர் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்க வேண்டும். அதைத் தப்பு என்றும் தள்ளிவிட முடியாது. படி இறங்கி மொள்ளும் குளத்தால் கீழத்தெருவில் பாதிப்பேர் காலில் நரம்புச் சிலந்தி. தோலைக் கிழித்துக்கொண்டு புழு வெளியே வரும். பார்க்கச் சகிக்காது.

உத்தரவோடு வந்த சுகாதார ஆபீசர் நல்ல மனிதர். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுக்குத் தோணுதுன்னு சொன்னா போதாதும்மா. அச்சுல வந்ததைக் காட்டுங்க. சும்மா எவனோ எழுதின கட்டுரை ஆகாது. நாலு டாக்டர் படிச்சு, சரிதான்னு ஒத்துக்கிட்ட பிறகு போட்டிருக்கணும். அப்படி ஒண்ணு காட்டினீங்கன்னா நானே உத்தரவை நிறுத்தறேன்.”

“எப்போ வரைக்கும்?”

“மாசி பொறந்தா மண்ணு வண்டி வந்துரும்.”

பட்டணத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் அப்படிப்பட்ட மருத்துவப் பத்திரிகைகள் வருஷக்கணக்காக அடுக்கியிருப்பது அவளுக்குத் தெரியும். அவற்றில் ஒரு கட்டுரை வருவதற்கு முன், அதே துறையில் பழகிய வேறு டாக்டர்கள் அதைப் படித்துக் குடைந்து கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால்தான் அச்சு. படிக்கும் காலத்தில் அந்த நூலகத்து நீள மேஜையில் அவள் எத்தனையோ மத்தியானங்களைக் கழித்திருக்கிறாள். தேடுகிற முறையும் தெரியும். முதலில் பொருளடைவு என்கிற தடித்த தொகுதியைப் பார்க்க வேண்டும். எந்த நோயைப் பற்றி, எந்தப் பத்திரிகையில், எந்த வருஷம், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று அதில் எழுத்து வரிசையில் இருக்கும். அதைக் குறித்துக் கேட்டால் அந்தத் தொகுதி வரும்.

பழைய பேராசிரியர் ஒருவர் அவளுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். முதலில் பொருளடைவை மரப்பெட்டியில் வைத்து ரயில் பார்சலில் அனுப்பினார்கள். கருப்பண்ணன் மொரப்பூர் ஸ்டேஷனில் வாங்கி வண்டியில் கொண்டுவந்தான்.

“மொதலியாரூட்டுச் சீர்ப்பெட்டியாட்டம் கனக்குதுங்கம்மா. உள்ள என்னான்னு ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டாருங்க. நோவுங்கன்னேன். ரெண்டடி தள்ளிப் போயிட்டாரு.”

வழி தெரிந்தும் வாசல் தெரியவில்லை. நோய்க்குப் பெயர் தெரியாமல் எந்தத் தலைப்பில் தேடுவது? மூட்டுவாதம் என்று தேடினாள். ஒரு தொகுதி வந்தது. இது அதுவல்ல. முதுகெலும்புக் காசம் என்று தேடினாள். இன்னொன்று வந்தது. அதுவும் அல்ல. தை பிறந்து பாதி போய்விட்டது. ரயில்கள் பட்டாளத்துக்குப் போக மிச்ச நேரத்தில்தான் பார்சல் ஏற்றின. இனி ஒரே ஒரு முறைதான் எழுதிக் கேட்கலாம். அதுவும் தவறினால் குளத்தில் மண் விழும். கீழத்தெருக் குழந்தைகளும் அந்தக் கிணற்றில் குடத்தை விடுவார்கள்.

பொருளடைவு மட்டும் மேஜைமேல் இருந்தது. அதை முதலிலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தாள்.

அன்றுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்...

நின்றது.

சர்ர்...

குதிகாலைத் தரையில் இழுத்து நடக்கிற சத்தம். மேலத்தெரு நடை. ரோசம்மாள் நிமிர்ந்தாள். வாசற்படிக்கு உள்ளே ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதுக்குள். தலை முன்னால் தள்ளி, கழுத்து அசையாமல். நெற்றி முழுக்க விபூதி. இழுத்த பட்டைபோல் இல்லாமல் கையால் அள்ளி அப்பியதுபோல் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்தக் கையில் தேள் ஒன்று பச்சை குத்தியிருந்தது. உச்சந்தலையில் செம்மண். மண்கூடை சுமக்கிறவள் போலிருக்கிறது என்று ரோசம்மாள் நினைத்துக்கொண்டாள்.

“மத்தியானம் மருந்து கெடையாதே. சரி, உக்காருங்க.”

“உக்கார வராதுங்க.”

“எந்தத் தெரு?”

“மேலத்தெருங்க.”

“வலி இருக்கா?”

“இப்ப இல்லீங்க.”

அந்தப் பெண்ணின் கண் மேஜைமேல் இருந்தது.

“அது என்னங்க?”

“எந்த நோவைப் பத்தி எதுல எழுதியிருக்குன்னு சொல்ற புஸ்தகம்.”

“என் நோவு இருக்குதுங்களா?”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. நின்றாள். ரோசம்மாளும் பேசவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த மௌனம் உறுத்தியிருக்கும். ரோசம்மாளுக்கு அது இதமாகவே இருந்தது. தன்னைப்போல ஒருத்தி என்று நினைத்தாள். நாலு பக்கம் புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

போகும்போது அந்தக் குதிகால் சத்தம் கேட்டதா?

யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லை.

மறுநாள் கருப்பண்ணன் பினாயில் விட்டுத் தரையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனான். ஈரம் காய்வதற்குள் மறுபடி வந்தது.

சர்ர்... நின்றது. சர்ர்...

இம்முறை அவள் வாசலோடு நிற்கவில்லை. உள்ளே வந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து ரோசம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். விபூதி மணம் அடித்தது. பழைய, அடைத்துவைத்த மணம். பூட்டிய பூஜையறைக் கதவைத் திறந்ததுபோல.

“எங்கங்க தேடறீங்க?”

“முதுகுன்னு இருக்கற எடத்துல.”

“ஆப்பட்டுதுங்களா?”

“இல்ல.”

பக்கத்தின்மேல் ஏதோ விழுந்தது. காய்ந்த வில்வ இலை. ரோசம்மாள் அதை எடுத்தாள். பொடிந்துவிட்டது. விரலெல்லாம் செம்மண்.

அப்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது.

இவ்வளவு பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும்.

அவள் டாக்டர். மூச்சைக் கேட்பதுதான் தொழில்.

கேட்கவில்லை...

திரும்பினாள். யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கருப்பண்ணன் வந்தான்.

“இப்ப ஒரு அம்மா போனாங்களே. வழியில பாத்தியா?”

“இல்லீங்களே. நேரா அந்த வழியாத்தான் வர்றேன். இந்த வெயில்ல ஒரு காக்கா கூட வெளிய இல்லீங்க.” பிறகு தரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டான். “கழுவின தரையில யாருங்கம்மா இப்படி இழுத்துட்டு வந்தது?”

ஈரத்தில் கோடு விழுந்திருந்தது. செம்மண் கோடு. வாசற்படியிலிருந்து மேஜை வரை. மேஜையைச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால் வரை.

அங்கேயே நின்றுவிட்டது.

திரும்பிப் போன கோடு இல்லை.

கருப்பண்ணன் சாக்கை எடுத்துத் துடைத்தான்.

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் நூலகத்துக்கு எழுதும் கடிதம் தபால் பையில் சேர்ந்தாக வேண்டும். அன்றைக்குத் தவறினால் மாசிக்குள் பார்சல் வராது. அன்று மத்தியானம் கருப்பண்ணன் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். பின்பக்கக் கதவுக்கும் போட்டாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சன்னல் வழியாக விழுந்த வெயில் மேஜையின் பாதியில் கிடந்தது. பேனாவில் மை இருந்தது. காகிதத்தில் நூலகத்தின் விலாசம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எந்தத் தலைப்பைக் கேட்பது?

பொருளடைவை மறுபடி திறந்தாள். முதுகு. முதுகெலும்பு. முதுகு விறைப்பு. வரிசை வரிசையாகப் பொடி எழுத்து. எல்லாம் பார்த்தாயிற்று. மறுபடி பார்த்தாள்.

சர்ர்...

வாசல் பக்கமிருந்து வரவில்லை.

அறைக்குள்ளிருந்து.

மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் நிற்க மட்டுமே இடம் இருக்கிற அந்த மூலையிலிருந்து.

சர்ர்...

அவள் தலையைத் தூக்கவில்லை.

சர்ர்...

விபூதி மணம்.

மேஜைக்கு அந்தப் பக்கம், வெயிலில், இரண்டு பாதங்கள் வந்து நின்றன. விரல் இடுக்கெல்லாம் செம்மண்.

“எங்கங்க தேடறீங்க?”

“முதுகுல...”

“இன்னமும் முதுகுலயா?”

பிறகு ஒரு சிரிப்பு. சத்தமில்லாத சிரிப்பு. காற்றே இல்லாத சிரிப்பு.

ரோசம்மாள் நிமிர்ந்தாள்.

முந்தானை வாயிலிருந்து நழுவியிருந்தது.

பல்...

மேல்வரிசை முன்பல் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டு. அதன் குறுக்கே பழுப்புக் கோடு. கிணற்றுச் சுவரில் தண்ணீர் நின்று இறங்கினால் விழுமே, அந்த மாதிரிக் கோடு. இடது பல்லின் முனை சாய்வாக உடைந்திருந்தது. வலது பல்லின் விளிம்பு ரம்பம்போலப் பொடிப்பொடியாக... அப்போதுதான் முளைத்த பல்லுக்கு இருக்குமே, அப்படி.

அந்த முகத்துக்கு அந்தப் பல் பொருந்தவில்லை.

“எழுதுங்க” என்றாள் அவள்.

ரோசம்மாள் குனிந்து பேனாவைத் தொட்டாள். அவ்வளவு நேரம்தான்.

அறை காலி.

தாழ் போட்டபடி இருந்தது.

அவள் எழுதினாள். முதுகு என்று எழுதவில்லை. பல், கறை, குடிதண்ணீர். பொருளடைவில் அந்த எழுத்துக்குத் திருப்பினாள். பல்லில் கறை என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு வரி. பத்திரிகையின் பெயர், வருஷம், பக்கம். அந்தப் பக்கத்தை இத்தனை நாளும் அவள் திருப்பியதே இல்லை.

கடிதம் போனது. பார்சல் வரும்வரை அவள் சும்மா இருக்கவில்லை. கருப்பண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலத்தெருவில் வீடு வீடாகப் போனாள். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னாள்.

“இது வெத்தலைக்கறைங்கம்மா” என்றான் கருப்பண்ணன். “எங்கூர்ல தொட்டில்லயே வெத்தலை மடிச்சுத் தர்றவங்க. இதைப் போயி...”

அதுதான் இத்தனை வருஷமும் கண்ணை மறைத்திருக்கிறது. பல் பழுப்பாக இருந்தால் வெற்றிலை என்று நினைப்பார்கள். டாக்டரும் அப்படியே நினைத்தாள். இப்போது சாம்பலை வைத்துத் தேய்க்கச் சொன்னாள். பெரியவர்களுக்குக் கறை போனது. இளசுகளுக்குப் போகவில்லை. எட்டு வயது, பத்து வயது, பதினெட்டு வயது... எல்லோருக்கும் அதே சுண்ணாம்புத் திட்டு, அதே கோடு. அது பல்லின் மேலே படிந்த கறையாக இல்லை. பல்லே அப்படி வளர்ந்திருந்தது.

முதுகு கெட்டவர்கள் எல்லோரும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்கள் பல்லில் வெறும் வெற்றிலைதான். பல் கெட்டவர்கள் எல்லோரும் இளசுகள். அவர்கள் முதுகு நேராக இருந்தது. அதனால்தான் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மேலத்தெரு முழுவதிலும் இரண்டும் ஒரே ஆளிடம் இல்லை.

அவள் ஒருத்தியைத் தவிர.

தேள் பச்சை குத்திய கையை ஒவ்வொரு வாசலிலும் தேடினாள். தட்டுப்படவில்லை. காட்டு வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவள் தன்னை விடவில்லை.

மணியக்காரர் மல்லையன் வீட்டில் அவருடைய மகள் பாஞ்சாலி மட்டும்தான் இருந்தாள். ஐந்து வயதுக் குட்டி. வாயைத் திற என்றதும் நாக்கையும் சேர்த்து நீட்டினாள். பால்பல். அரிசி அரிசியாக, ஒரு குறையும் இல்லாமல்.

“இதுக்கு ஒண்ணுமில்ல” என்றாள் ரோசம்மாள்.

மாசி பிறப்பதற்கு முதல் நாள் பெட்டி வந்தது. கட்டுரை இருந்தது. எங்கோ தெலுங்குச் சீமையில் ஆழக்கிணறு வெட்டிய ஊர்கள். தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வருகிற ஓர் உப்பு. சிறுசுகளுக்குப் பல்லில் கறை. பெரியவர்களுக்கு வருஷங்கள் போகப்போக முதுகெலும்பு கல்லாவது. கட்டுரையோடு படங்களும் இருந்தன. ஆபீசர் வந்தார். மருந்தக நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். மண் வண்டிகள் குளத்துக்கரையில் நின்றன. மாடுகள் அசைபோட்டன.

“போகச் சொல்லுங்க வண்டியை” என்றார் கடைசியில்.

குளத்துப் படியை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். இனி யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. மேலேயிருந்து சேந்தி, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். கிணற்றின் வாயில் முள்ளை வெட்டிப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் மணியக்காரர் மல்லையன் ஒரு குடம் குளத்துத் தண்ணீரோடு மருந்தகத்துக்கு வந்தார். வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். கெட்டியான மனிதர்.

“மொதக் கொடம் உங்களுக்குங்க” என்றார். “எங்க புள்ளைங்க கும்புடுவாங்க.”

ரோசம்மாள் தண்ணீரை வாங்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

“உங்க தெருவுல ஒரு அம்மா. கழுத்து திரும்பாது. நெத்தி முழுக்க விபூதி. கையில தேள் பச்சை. அவங்களை ஒருக்கா வரச் சொல்லுங்க. நன்றி சொல்லணும்.”

மல்லையன் திண்டில் கைவைத்தார். மெல்ல உட்கார்ந்தார்.

“எப்பப் பாத்தீங்க?”

“தையில.”

“உக்காந்தாளா?”

“உக்கார வராதுன்னாங்க.”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“சென்னம்மாங்க. எம்பொண்டாட்டி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போயிட்டா.”

வெளியே ஏதோ குருவி கத்தியது.

“எங்கள்ல செத்தவங்களைச் சம்மணம் போட்டு உக்காத்தி வெச்சுத்தான் பொதைப்போமுங்க. அவ மடங்கலீங்க. இடுப்பு மடங்கல. முட்டி மடங்கல. உயிரோட இருக்கறப்பவே மடங்காதவ, அப்புறம் எங்க மடங்குவா. எலும்பை ஒடைச்சு உக்காத்துன்னாங்க பெரியவங்க. நான் விடல. கிணறாட்டம் குழி தோண்டினோம். நிக்க வெச்சோம். கழுத்து வரைக்கும் விபூதி கொட்டி, வில்வம் போட்டு, தலைமேல மண்ணுங்க.”

ரோசம்மாள் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

“பல்லைக் காட்டிச் சிரிச்சாங்க” என்றாள். “எல்லாம் கறையா...”

மல்லையன் துண்டை எடுத்தார். முதல்முறையாக அவர் குரலில் சந்தேகம் வந்தது.

“கறையா? இல்லீங்களே. அவ தீர்த்தமலை அடிவாரத்துல பொறந்தவ. ஓடைத்தண்ணி குடிச்சு வளர்ந்தவ. வாக்கப்பட்டுத்தானே இந்தக் கெணத்துக்கு வந்தா. தும்பப்பூவுங்க அவ பல்லு. சாகற வரைக்கும்.”

அவர் போனபிறகு ரோசம்மாள் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தாள். திருப்பி அனுப்ப வேண்டிய தொகுதி. முதலில் படித்தபோது வேகத்தில் தாண்டிப் போன ஒரு பத்தி இருந்தது. பல் முளைத்து முடிந்தவர்களுக்கு இந்தக் கறை விழாது. ஈறுக்குள் பல் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால்தான் விழும்.

வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு எப்படி விழுந்தது?

நாலு டாக்டர்கள் சோதித்து ஒத்துக்கொண்ட கட்டுரை. அதைச் சந்தேகிக்க முடியாது. தன் கண்ணையும் சந்தேகிக்க முடியவில்லை. பெட்டியை ஆணி அடித்து மூடி மொரப்பூருக்கு அனுப்பினாள். அப்போது இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் பிறகு வரவே இல்லை. மத்தியானங்கள் அமைதியாக இருந்தன. அந்த அமைதி ரோசம்மாளுக்கு மட்டும் முன்புபோல இதமாக இல்லை.

யுத்தம் முடிந்தது. மண்ணெண்ணெய் மறுபடி வந்தது. மேலத்தெருவில் புதிதாக ஒரு முதுகும் கெட்டிப்படவில்லை.

அந்த வருஷம் ஒரு நாள் மத்தியானம், கருப்பண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம். மல்லையன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பாஞ்சாலி வளர்ந்திருந்தாள். வாயைப் பாவாடையால் பொத்திக்கொண்டு விம்மினாள்.

“ரெத்தம் நிக்கலீங்கம்மா. எந்நேரமும் ஓட்டந்தான் இதுக்கு.”

ரோசம்மாள் குழந்தையை மேஜைமேல் உட்காரவைத்தாள். சன்னல் வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாள். பஞ்சால் மெல்லத் துடைத்தாள்.

“ஆ... காட்டு கண்ணு.”

பாஞ்சாலி வாயைத் திறந்தாள்.

பால்பல் விழுந்துவிட்டிருந்தது. மேல்வரிசையில் புதுப்பல் இரண்டு. சுண்ணாம்புத் திட்டு. குறுக்கே பழுப்புக் கோடு, கிணற்றுச் சுவரில் தண்ணீர் இறங்கிய மாதிரி. வலது பல்லின் விளிம்பு ரம்பம்போலப் பொடிப்பொடியாக.

இடது பல்லின் முனை சாய்வாக உடைந்திருந்தது.

ரோசம்மாளின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

“எப்ப... எப்ப ஒடஞ்சுது இது?”

“இப்பத்தானுங்க” என்றார் மல்லையன். “கொளத்துச் செவுத்துல இடிச்சுக்கிட்டா. அப்படியே தூக்கிட்டு ஓடியாரேன்.”